மரம் வெட்டி மொட்டையான மலைச்சரிவை ஊரார் சேர்ந்து மீண்டும் காடாக்குவது எப்படி? (அட்டப்பாடி, சோலையூர் பக்கம்)

கேள்வி: சோலையூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில், சோலையூர்ப் பஞ்சாயத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் மலையாளத்தில் படித்தாலும் வீட்டிலும் கடையிலும் பேசுவது தமிழ்தான். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆனைகட்டி வழியாகக் கோயமுத்தூருக்குத்தான் போகிறோம். ஊரில் 38 வீடுகள். பெரும்பாலோர் இருளர், என் தாத்தா காலத்தில் கோவைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய எங்களைப் போன்ற சில குடும்பங்களும் உண்டு. ஊருக்கு மேலே ஏறத்தாழ 40 ஏக்கர் மொட்டைச் சரிவு ஒன்று கிடக்கிறது. அதைப் பற்றிக் கேட்கவே எழுதுகிறேன்.

என் தந்தையார் சிறுவராக இருந்தபோது அந்தச் சரிவில் பகலில்கூடத் தனியாகப் போக மாட்டார்களாம். ஜன்மிகள் என்ற பெருநிலக்காரர்களின் கையில் இருந்த காடு அது. தனியார் காடுகளை அரசே எடுத்துக்கொள்ளும் கேரளச் சட்டம் 1971இல் வந்தது. அது வரப்போகிறது என்று தெரிந்த ஆண்டுகளில் அவசர அவசரமாக மரத்தை வெட்டி இறக்கினார்கள் என்றும், வேங்கையும் ஈட்டியும் ஏற்றிய லாரிகள் இராப்பகலாக ஓடின என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரிய மரங்கள் போன பிறகு மிச்சமிருந்தவை கரிமூட்டத்துக்கும் விறகுக்கும் போயின. அதற்குப் பின் ஆண்டு தவறாமல் மாசி, பங்குனியில் தீ. இன்று அங்கே காய்ந்த புல்லும், அயல் முட்புதரான உண்ணிச்செடியும், முழங்கால் உயரப் புதர்களும் தவிர எதுவும் இல்லை. ஒரு மழை பெய்தால் செம்மண் கரைந்து பள்ளத்தில் இறங்குகிறது. ஊருக்குக் குடிநீர் தரும் ஊற்று தை முடியும் முன்பே வற்றிவிடுகிறது.

6 ஆண்டுகளுக்கு முன் வெளியூரிலிருந்து வந்த ஓர் அமைப்பு, ஆனி மாதத்தில் 2,000 நாற்றுகளைக் கொண்டுவந்து, ஊரார் அனைவரையும் கூட்டி ஒரே நாளில் நடச் செய்தது. அன்று மாலையே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அடுத்த கோடையில் நானே மேலே போய் எண்ணிப் பார்த்தேன்; உயிரோடு நின்றவை 90. அந்த நாளின் கூலியை விட்டு வந்து குழி தோண்டிய பெண்களின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

இப்போது ஊருக்கூட்டத்தில் இளைஞர்கள் மறுபடியும் முயலலாம் என்கிறார்கள். ஊர்த்தலைவரான மூப்பன் மறுக்கவில்லை, ஆனால் "முதலில் எப்படி என்று கேட்டு வா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். என்ன மரம் நடுவது, எப்போது நடுவது, எத்தனை ஆண்டு காப்பது, ஆடு வளர்த்தே பிழைக்கும் 7 வீட்டாரை என்ன செய்வது, அந்த நிலத்தில் கை வைக்க எங்களுக்கு உரிமை உண்டா என்பவை எங்கள் கேள்விகள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் அப்படியே ஊருக்கூட்டத்தில் படித்துக் காட்டுவேன்.


பதில்: அகளிவாசி

ஐயா, "முழங்கால் உயரப் புதர்கள் தவிர எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் 20 ஆண்டுகளுக்கு மேல் அட்டப்பாடி மலைகளில் மண் காப்பு, காடு வளர்ப்பு வேலைகளில் இருந்தவன். அந்தப் புதர்கள்தாம் உங்கள் காடு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கடப்பாரையோடு மேலே போங்கள். வெக்காலிப் புதரோ உசிலம் புதரோ ஒன்றைப் பார்த்து, அதன் அடி மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு விலக்குங்கள். மேலே பென்சில் பருமனில் பத்துப் பதினைந்து கொம்புகள் நிற்கும்; கீழே, ஆள் தொடைப் பருமனுக்குக் குறையாத ஓர் அடிக்கட்டை, பழைய கோடாலி வெட்டுகளோடும் கரி அப்பிய பட்டையோடும் இருக்கும். வேங்கையாக இருந்தால் பட்டையில் இலேசாகக் கீறினாலே குருதிபோல் சிவந்த சாறு கசியும். அதைச் செடி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் தந்தையார் நிழலில் நின்ற அதே மரம் அது. மழைக்குத் துளிர்க்கிறது, ஆடு கடிக்கிறது, கோடையில் தீ பொசுக்குகிறது, அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கிறது. சோளம் அறுத்த காட்டில் மறுதாம்பு கிளம்புவதுபோல ஐம்பது ஆண்டுகளாக அது ஓயாமல் முயன்றுகொண்டிருக்கிறது. நீங்கள் நட்ட நாற்றின் வேர் ஒரு சாண். இதன் வேர் பாறை இடுக்கில் எத்தனை ஆள் ஆழம் இறங்கியிருக்கிறதோ. கடிப்பும் தீயும் 3 ஆண்டு நின்றால், நாற்று 10 ஆண்டில் எட்டும் உயரத்தை இது அந்த 3 ஆண்டிலேயே எட்டிவிடும்.

நான் சொல்வது புதிய வழி அன்று. மேற்கு வங்காளத்தின் ஆராபாரியில் 1970களின் தொடக்கத்தில் ஏ.கே. பானர்ஜி என்ற வன அலுவலர், 11 கிராமங்களைச் சேர்ந்த 618 குடும்பங்களிடம், ஏறத்தாழ 1,270 ஹெக்டேர் அழிந்த சால் மரக் காட்டின் காவலை ஒப்படைத்தார். விறகும் புல்லும் எடுத்துக்கொள்ளலாம், மரம் விற்கும்போது வருமானத்தில் 25 விழுக்காடு ஊருக்கு என்பது ஏற்பாடு. அங்கே காடு திரும்பியது பெரும்பாலும் பழைய அடிக்கட்டைகளிலிருந்துதான். 1990 ஜூன் 1ஆம் தேதி மத்திய அரசு, வனத்துறையும் ஊராரும் சேர்ந்து காடு காக்கும் கூட்டு வன மேலாண்மைக்கு வழிவிட்ட சுற்றறிக்கை பிறப்பித்ததற்கு முன்மாதிரியாக இருந்தவற்றில் அதுவும் ஒன்று.

ஆகவே நாற்று வாங்கும் முன் எண்ணுங்கள். சரிவின் மேலும் நடுவிலும் கீழுமாகப் பத்து இடங்களில், பத்து மீட்டர்ச் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே உயிருள்ள அடிக்கட்டை எத்தனை என்று மரத்தின் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்தில் ஐந்துக்கு மேல் இருக்கும் இடத்தில் நான் ஒரு நாற்றும் நட மாட்டேன். மூன்றாம் ஆண்டில், ஒரு கட்டையில் நேராக வளர்ந்த இரண்டு கொம்புகளை மட்டும் நிறுத்தி மற்றவற்றைக் கழித்தால் ஊருக்கு விறகும் ஆயிற்று, மரமும் ஆயிற்று.

மண் வேலையையும் மறந்துவிடாதீர்கள். மழைநீர் ஓடி அறுத்த வாய்க்கால்களில் கல் தடுப்புகள் போட வேண்டும். மேலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். கீழே தொடங்கினால் முதல் பெருமழையில் மேலிருந்து வரும் வெள்ளம் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு போய்விடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1996 முதல் 2010 வரை ஜப்பான் கடனுதவியோடு அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கமான அஹாட்ஸ் நடத்திய திட்டத்திலும் மரத்தோடு மண் காப்பையும் ஊர் வளர்ச்சிக் குழுக்களையும் சேர்த்தே எடுத்தார்கள். வறண்டு கிடந்த கொடுங்கரைப் பள்ளத்தில் மீண்டும் தண்ணீர் ஓடியதை உங்கள் ஊர்ப் பெரியவர்களே சொல்வார்கள்.


பதில்: ஆனைகட்டி நாற்றங்கால்

சோலையூர் அண்ணாவுக்கு வணக்கம். எல்லைக்கு இந்தப் பக்கத்தில், பெண்கள் குழுவாகச் சேர்ந்து நாட்டு மர நாற்றங்கால் ஒன்றை நடத்துகிறோம். அகளி ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அடிக்கட்டைகூட இல்லாத வெறுந்திட்டுகள் நாற்பது ஏக்கரில் நிச்சயம் இருக்கும், அவற்றுக்காகச் சொல்கிறேன்.

உங்கள் நாற்றுகள் செத்ததற்கு முதற்காரணம் ஆனி மாதம் என்பது என் எண்ணம். அட்டப்பாடியின் மேற்கே முக்காலியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. முப்பது நாற்பது கிலோமீட்டர் கிழக்கே வந்தால் 1,000க்கும் கீழ். தென்மேற்குப் பருவம் தன் மழையை அங்கேயே கொட்டிவிட்டு, நமக்கு வெறும் காற்றையும் தூறலையும் அனுப்புகிறது. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள், ஜூலை முதல் வாரம் வன மகோற்சவம் என்று ஊரெல்லாம் நடும்போது நாமும் நட்டுவிடுகிறோம். அடுத்த மாதமே ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வீசி இளம் இலையின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. நமக்கு மழை ஐப்பசியும் கார்த்திகையும்தான். குழியை ஆவணியிலேயே வெட்டி, மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவித்து ஆறவிட்டு, ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்து மண் ஒரு முழம் நனைந்த பிறகே நடுங்கள். மேல்மண் குழியின் அடிக்குப் போக வேண்டும்.

அடுத்தது நாற்றின் வயது. மூன்று நான்கு மாதக் கன்று மலைச்சரிவுக்குத் தாங்காது. ஒன்றே கால் ஆண்டாவது பையில் வளர்ந்து, கடைசி இரண்டு மாதம் நிழலிலிருந்து வெளியே எடுத்து, தண்ணீரைக் குறைத்துப் பழக்கப்பட்டிருக்க வேண்டும். சிறிய பையில் நெடுநாள் வைத்தாலும் கெடுதல்தான். இறந்துபோன கன்றுகளில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்திருந்தால், வேர் பையின் அடியில் கடிகார வில்போலச் சுருண்டு கிடந்ததைக் கண்டிருப்பீர்கள். சுருண்ட வேர் மண்ணுக்குள் போன பின்பும் சுருண்டபடியேதான் இருக்கும். நடும்போது பையின் அடியை இரண்டு விரல் அளவு வெட்டி எறிந்துவிடுங்கள்.

நாற்றுக்காகக் காசு கொடுத்து எங்கேயும் போக வேண்டாம். விதை உங்கள் பக்கத்துக் காட்டிலேயே இருக்கிறது. நெல்லிக் கொட்டையை வெயிலில் காய வைத்தால் தானே வெடித்து உள்விதை வெளிவரும். உசில் விதையைக் கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஒரு இராத்திரி ஊற விட வேண்டும். நாவல் கொட்டைக்கு உயிர் சில நாள்தான்; பழம் பொறுக்கிய வாரத்திலேயே பையில் ஊன்றிவிட வேண்டும், டப்பாவில் வைத்து மறந்தால் வீண். பள்ளத்தோரத்துக்கு நீர்மருதும் நாவலும் புங்கனும். சரிவுக்கு வேங்கை, வெக்காலி, நெல்லி, கடுக்காய், தான்றி, சரக்கொன்றை, வெப்பாலை. பாறைப் பாங்குக்கு இச்சி, அத்தி. பழந்தின்னும் பறவைகள் அந்த இச்சியில் வந்து உட்கார்ந்தால் மற்ற விதைகளை அவையே கொண்டுவந்து போடும். விதைப்பந்தை நம்பி ஓர் ஆண்டை வீணாக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். நாங்கள் வீசியவற்றில் பெரும்பகுதி எலிக்கும் எறும்புக்கும்தான் போயிற்று.

உண்ணிச்செடியை மேலே மட்டும் வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். வேர்க்கழுத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் நான்கு விரல் ஆழத்தில் வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். ஒரே ஆண்டில் நாற்பது ஏக்கரையும் சுத்தம் செய்ய முயல வேண்டாம். சுத்தம் செய்த இடத்தை மறு ஆண்டும் போய்க் களையெடுக்காவிட்டால் முன்பைவிட அடர்ந்துவிடும்.


பதில்: மேட்டுப்பாளையம் விவசாயி

மேலே எழுதிய இருவரும் காட்டின் பக்கமிருந்து பேசுகிறார்கள். நான் வயிற்றின் பக்கமிருந்து பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேங்கையும் கடுக்காயும் பலன் தர இருபது, முப்பது ஆண்டு ஆகும். அதுவரை 38 குடும்பங்கள் எதற்காகக் காவல் காக்க வேண்டும்? கீழ்ச் சரிவில் பாதிக்கு மலைவேம்பும் குமிழும் சவுக்கும் வைத்தால் ஐந்து, ஏழு ஆண்டில் பணம் வரும். என் தோட்டத்தில் மலைவேம்பு ஏழாம் ஆண்டில் வெட்டினேன். கையில் வருமானம் வந்தால்தான் மேல் சரிவையும் மக்கள் காப்பார்கள். முன்பு நட்டதைக் காக்க யாருக்கும் அக்கறை வராமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.


பதில்: அகளிவாசி

விவசாயி ஐயா கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் உங்கள் மலைவேம்பு நின்றது சொட்டுநீர் போகும் பட்டா நிலத்தில். இவர்கள் கேட்பது தண்ணீரில்லாத பாறைச் சரிவைப் பற்றி. மேலும் அது வனநிலமாக இருந்தால் ஐந்தாம் ஆண்டில் வெட்டி விற்க இவர்களுக்கு அனுமதியே கிடைக்காது. வளர்த்த மரத்தை வெட்ட முடியாமல் நிற்பது வளர்க்காமல் இருப்பதைவிடக் கசப்பானது. அவரவர் பட்டாக் காட்டின் வரப்பில் மலைவேம்பு வைப்பதானால் தாராளமாக வைக்கட்டும்.

வருமானத்துக்கு முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஆடு போகாத சரிவில் முதல் ஆண்டிலேயே புல் இடுப்பளவு வளரும். அதை அறுத்துச் சுமையாக எடுத்துக்கொள்ளலாம். பழைய கட்டையிலிருந்து எழுந்த நெல்லி, நாற்று நெல்லியைவிட வெகு முன்பே காய்க்கும். சீமாறுப்புல், தேன், கடுக்காய் எல்லாம் வரிசையாக வரும். யாருக்கு எவ்வளவு என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி எழுதிவிட வேண்டும். பங்கு பேசாமல் விட்டதால் கலைந்துபோன குழுக்கள் எனக்குத் தெரியும்.


சோலையூர்க்காரன்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஆட்டைப் பற்றி யாராவது சொல்லுங்கள். அந்த ஏழு வீட்டில் இரண்டு வீடு கணவரை இழந்த பெண்களுடையது. "மலையை மூடிவிட்டோம், ஆட்டை விற்றுவிடுங்கள்" என்று கூட்டத்தில் எழுந்து சொல்ல என்னால் முடியாது. சொல்லவும் கூடாது என்று நினைக்கிறேன். 7 வீட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 160 ஆடுகள்.


பதில்: கொரங்காட்டான்

எனக்கு மலை தெரியாது. காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் காடுதான் தெரியும். ஆனால் உங்கள் கேள்விக்கு எங்கள் ஊர் வழக்கம் உதவக்கூடும்.

எங்கள் கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமும் நிற்கும். சுற்றிலும் கிளுவை வேலி. ஒரு காட்டை இரண்டு மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியில் மேய்க்கும்போது மற்றதன் கடவை அடைத்துவிடுவோம். மூடிய பகுதியில் புல் பூத்து விதை உதிர்த்த பிறகே மறுபடி திறப்போம். மழை குறைந்த எங்கள் மண்ணில் தலைமுறை தலைமுறையாக மாடும் ஆடும் அழியாமல் இருப்பது இந்த அடைப்பும் திறப்பும் இருப்பதால்தான்.

நாற்பது ஏக்கரையும் ஒரே நாளில் மூடினால் அந்த 160 ஆடும் பக்கத்து ஊரின் எல்லையில் போய் நிற்கும்; அங்கே சண்டை வரும்; சண்டை வந்தால் உங்கள் வேலி ஓர் இரவில் போய்விடும். மேல் சரிவில் பத்து, பதினைந்து ஏக்கரை மட்டும் முதலில் மூடுங்கள். எந்தப் பகுதியை மூடுவது என்பதை அந்த ஏழு வீட்டாரே சொல்லட்டும். எங்கே புல் முதலில் காய்கிறது, எங்கே தண்ணீர் கிடைக்கிறது என்பது ஆடு மேய்ப்பவருக்குத்தான் தெரியும். மூடிய இடத்தில் அறுக்கும் புல்லில் முதல் பங்கு அவர்களுக்கே என்று எழுதிக் கொடுங்கள். காவல் கூலி என்று ஏதேனும் வந்தால் அதுவும் முதலில் அவர்களுக்குப் போகட்டும். நாள் முழுவதும் மலையில் இருப்பவர்கள் அவர்கள்தாம், புகை கிளம்பினால் முதலில் பார்ப்பவர்களும் அவர்கள்தாம்.

கம்பி வேலிக்குக் காசு தேட வேண்டாம். கிளுவைப் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைகளை, நெருக்கமாக ஊன்றி, இரண்டு வரிசை குறுக்குக் கம்பு வைத்துக் கட்டினால், இரண்டு மழைக்குப் பின் அதுவே முள்வேலி. வேலியோரம் ஆடாதொடையும் விராலியும் வையுங்கள். ஆடு தொடாத இலை என்பதால்தானே அதற்கு அந்தப் பெயர் வந்தது. போத்து வேண்டுமென்றால் எங்கள் காட்டில் வந்து வெட்டிக்கொள்ளுங்கள். விலை எதுவும் வேண்டாம்.


பதில்: பாலக்காட்டு வழக்கறிஞர்

எல்லோரும் நல்ல வழி சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் கடப்பாரையும் அரிவாளும் எடுக்கும் முன் நிலம் யாருடையது என்று பாருங்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுக்கு வந்த காடாக அது இருந்தால், இன்று வனத்துறையின் நிலம். அங்கே வளர்ந்த கொம்பைக் கழிப்பதுகூட அனுமதியில்லாமல் செய்தால் குற்றமாகிவிடும். நல்ல எண்ணத்தோடு போன இளைஞர்கள் மீது வழக்கு வந்து, ஊரே அந்த மலையை வெறுத்துவிட்ட நிலையை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வன சம்ரட்சண சமிதியாக, அதாவது வனத்துறையோடு சேர்ந்து காடு காக்கும் ஊர்க்குழுவாக, பதிவு செய்துகொண்டு, வனத்துறை ரேஞ்ச் அலுவலகத்தின் ஒப்புதலோடு வேலைத்திட்டம் எழுதுவது. இது விரைவில் நடக்கும். ஆனால் முடிவு எடுக்கும் உரிமை உங்களிடம் முழுமையாக இராது. மற்றொன்று, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதன் பிரிவு 3(1)(i), ஒரு சமூகம் வழக்கமாகக் காத்து வந்த காட்டு வளத்தைக் காக்கவும், மீட்டு வளர்க்கவும், நிர்வகிக்கவும் அந்தச் சமூகத்துக்கே உரிமை தருகிறது. உங்கள் ஊருக்கூட்டம் வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுத்து, படிவம் 'சி'யில் கோரிக்கை எழுதி, தீர்மானத்தோடு உட்கோட்டக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இறுதி முடிவு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவில். சான்றுக்குப் பழைய ஆவணம் மட்டும்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூத்தோரின் வாக்குமூலம், மலைமேல் உள்ள கோயில், இடுகாடு, பழைய கிணறு, வழித்தடம் எல்லாம் விதிகளில் ஏற்கப்பட்ட சான்றுகள்.

கேள்வி கேட்ட சோலையூர் ஐயாவுக்குத் தனியாக ஒன்று. பழங்குடியினர் அல்லாதோர் இச்சட்டத்தில் உரிமை கோர, 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்து காட்டை நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். உங்கள் தாத்தா காலத்துக் குடியேற்றத்துக்கு அது எளிதன்று. ஆகவே கோரிக்கை மூப்பன் தலைமையில், ஊருக்கூட்டத்தின் பெயரில் போவதே முறை. எழுத்து வேலைக்கும் அலுவலகம் ஏறி இறங்கவும் நீங்கள் துணை நில்லுங்கள். கையெழுத்து அவர்களுடையதாக இருக்கட்டும்.


பதில்: வால்பாறைவாசி

நான் சொல்வதைச் சற்று விலக்கியே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மலை ஈரமலை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் மழைக்காடுகளில், சும்மா மூடி வைத்தால் போதும் என்ற வழி அவ்வளவாகப் பலிக்கவில்லை. அடிக்கட்டையும் இல்லை, தாய்மரமும் எட்டத்தில். உண்ணியும் காப்பியும் அடைத்துக்கொண்டு வெடிப்பலா, நாங்கு போன்ற மழைக்காட்டு மரங்களை எழ விடாமல் செய்கின்றன. அதனால் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் இங்கே 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட வகை நாட்டு மரங்களை நாற்றாக்கி நட்டு வருகிறார்கள். அப்படி நட்ட இடங்களில் மர வகைகளும் மரத்தில் சேரும் கார்பனும், தானாக விடப்பட்ட இடங்களைவிடக் கூடுதலாக இருந்ததை அவர்களே அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே அகளி ஐயா சொன்ன எண்ணிக்கை முக்கியம். கட்டை இருக்கும் சரிவுக்கு ஒரு வழி, இல்லாத சரிவுக்கு வேறு வழி.

இன்னொன்று யானை. காடு வளர்ந்தால் யானை வரும் என்ற அச்சம் உங்கள் கூட்டத்தில் கட்டாயம் எழும்; அதை அலட்சியப்படுத்தாதீர்கள். வீடுகளுக்கும் காட்டுக்கும் இடையே கண் எட்டும் தூரத்துக்குத் திறந்த புல்வெளியாகவே விடுங்கள். பலாவும் மூங்கிலும் ஊரோரத்தில் வேண்டாம். இங்கே யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறார்கள். இருட்டில் எதிர்பாராமல் எதிரே போய் நிற்பதுதான் உயிரிழப்புக்குப் பெரிய காரணம் என்பதால் அந்த ஏற்பாடு பயன் தருகிறது. எல்லைக்கு இரு பக்கத்து ஊர்களும் சேர்ந்து அப்படி ஒன்றைக் கேட்டுப் பெற முயலலாம்.

யாராவது மஞ்சள் பூ பூக்கும் கொன்றை என்று நாற்று கொடுத்தால், எந்தக் கொன்றை என்று பார்த்து வாங்குங்கள். நிழலுக்கென்று கொண்டுவந்து வைத்த அயல் மஞ்சள் கொன்றை வயநாட்டிலும் முதுமலையிலும் பரவி, அடியில் புல்கூட முளைக்க விடாமல் செய்திருக்கிறது.


சோலையூர்க்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாப் பதில்களையும் ஊருக்கூட்டத்தில் படித்தேன். ஆராபாரி பற்றிப் படித்தபோது மூப்பன் மறுபடியும் படிக்கச் சொன்னார்.

ரேஞ்ச் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, வாட்சர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, கயிறு கட்டி எண்ணினோம். எதையும் வெட்டவில்லை. பத்துச் சதுரங்களில் 83 அடிக்கட்டைகள். வெக்காலி அதிகம், அடுத்து உசில், நெல்லி, வேங்கை 6. இரண்டு சதுரங்களில் ஒன்றுகூட இல்லை. அவை இரண்டும் பழைய கரிமூட்டம் போட்ட இடம் என்று எங்கள் ஊர் மண்ணுக்காரர் சொன்னார். விதைப்புக்கு நாள் குறிப்பவர் அவர்தான். எந்தத் திட்டில் எந்த மரம் நின்றது என்று இடத்தின் பெயரோடு சொல்லிக்கொண்டே வந்தார். என் தந்தையாரிடம்கூட நான் கேட்டிராத பெயர்கள் அவை. ஒரு வேங்கையின் அடியை அவரே கையால் விலக்கினார். கட்டை என் இரு கை அணைப்புக்கு இருந்தது. முன்பு நாற்று நட்ட பெண்களில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதற்குப் பக்கத்திலேயே நான் குழி வெட்டினேன்" என்றார்.

மேல் சரிவில் 12 ஏக்கரை 3 ஆண்டுகளுக்கு மூடுவது என்று முடிவாகியிருக்கிறது. இடத்தைக் காட்டியது ஆட்டுக்காரர்கள். புல்லில் முதல் பங்கும், காவல் கூலி வந்தால் அதில் முதல் உரிமையும் அவர்களுக்கு என்று தீர்மானத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம். ஒரு வீட்டார் மட்டும் இன்னும் ஒப்பவில்லை. கீழ்ச் சரிவில் தண்ணீர்த் தொட்டி கட்டிய பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை என்று மூப்பன் சொல்லிவிட்டார்; தொட்டிக்கு இடம் பார்த்தாயிற்று. வன உரிமைக் குழுவுக்கு 13 பேரைத் தேர்ந்திருக்கிறோம், அவர்களில் 6 பேர் பெண்கள்.

ஆனைகட்டி அம்மா, கரிமூட்டத் திட்டுகளுக்கு 150 கன்று போதும் என்று கணக்கிட்டிருக்கிறோம். இந்த ஐப்பசிக்கு ஒன்றே கால் வயதுக் கன்று உங்களிடம் அவ்வளவு இருக்குமா, இல்லையென்றால் அடுத்த ஐப்பசி வரை நாங்களே விதை போட்டு வளர்த்துக் காத்திருக்கலாமா என்று சொல்லுங்கள். காங்கேயத்து ஐயா, போத்து வெட்ட வைகாசி முதல் வாரத்தில் நான்கு பேர் வருகிறோம்.